தொகை இருக்க வேண்டிய இடத்தில் ##,###.## ஏன் வருகிறது?

[திரையில்: ரப்பர் கடை பில். எடை 521.5 கிலோ, விலை 200.00, தொகை ##,###.##]

குலசேகரம் பக்கத்தில் ஒரு ரப்பர் கடை என்று வைத்துக்கொள்வோம். ஷீட்டும் ஒட்டுப்பாலும் எடை போட்டு வாங்குகிறார்கள். பில் மென்பொருள் பல மாதம் ஒழுங்காக ஓடியது. ஒருவர் ஜீப் நிறைய ஷீட் இறக்கிய அன்று, தொகை இருக்க வேண்டிய இடத்தில் வேலி அடைத்து நிற்கிறது. "சாரே, கணக்கு அழிந்துபோயிற்றா?" என்று கடைக்காரர் பதறுகிறார்.

அழியவில்லை. போஸ்ட்கிரெஸ் (PostgreSQL) என்ற தரவுத்தளத்தில் 104300 பத்திரமாக இருக்கிறது. கோளாறு காட்டும் இடத்தில்தான்.

[திரையில்: '99,999.99']

போஸ்ட்கிரெஸில் எண்ணை எழுத்தாக மாற்றும் கட்டளை டு-கேர் (to_char). அதற்கு நாம் ஓர் அச்சு கொடுக்கிறோம். ஒவ்வொரு 9-உம் ஓர் இலக்கத்துக்கான இடம். புள்ளிக்கு முன்னால் ஐந்து இடம்தான் இருக்கிறது. வந்தது ஆறு இலக்கம். ஓர் இலக்கத்தை வெட்டித் தவறான தொகையைக் காட்டாமல், எல்லா இடத்திலும் # போட்டுவிடுகிறது. நல்ல குணம் என்றே சொல்வேன்.

அவசரத்தில் '9,999,999.99' என்று மாற்றுவார்கள். அப்போது 104,300.00 என்று வரும். நம் ஊரில் யார் அப்படி எழுதுகிறார்கள்? காற்புள்ளி நாம் வைத்த இடத்தில்தான் விழும். லட்சம், கோடி கணக்குக்கு நாமே வைக்க வேண்டும்.

[திரையில்: 'FM99,99,99,990.00' → 1,04,300.00]

முன்னால் உள்ள FM என்ற இரண்டு எழுத்து, வெற்று இடைவெளியை நீக்குகிறது. ஆனால் அதோடு கடைசியில் .99 என்றே விட்டால், தொகை '1,04,300.' என்று புள்ளியோடு தொங்கும். அதனால்தான் .00. புள்ளிக்கு முன் உள்ள 0 இல்லாவிட்டால் ஐம்பது பைசா '.50' என்று தலையில்லாமல் வரும்.

இன்னொரு பொறி இருக்கிறது. எழுத்தாக மாற்றிய பத்திக்கும் (column) பழைய பெயரான 'தொகை' என்றே பெயர் வைத்து, வரிசைப்படுத்தச் சொல்லி 'ஆர்டர் பை தொகை' (ORDER BY) என்று எழுதினால், போஸ்ட்கிரெஸ் மாற்றிய எழுத்தை வைத்தே வரிசைப்படுத்தும். முதல் எழுத்தில் 1-ஐ விட 9 பெரிது என்பதால், பெரியதிலிருந்து கேட்டால் 9,850.00 மேலே, 1,04,300.00 கீழே. மாற்றிய பத்திக்கு வேறு பெயர் வையுங்கள்.

திருத்தியதும் 0, 0.50, 99,999.99, 1,00,000, முன்பணம் கழித்து மைனஸில் நிற்கும் ஒரு தொகை, எல்லாவற்றையும் போட்டுப் பார்த்துவிட்டே கடைக்கு அனுப்புங்கள்.