துரோகியின் மச்சான் என்ன பாவம் செய்தான்?

எல்லாருக்கும் வணக்கம். வானம் கருத்துக்கொண்டு வருகிறது, நாதஸ்வரக்காரர்களும் காத்திருக்கிறார்கள். அதனால் நேரே விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

கும்பகோணத்திலிருந்து அணைக்கரைப் பாலம் தாண்டிப் போனால் காட்டுமன்னார்கோயில். அங்கே உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில் ராஜராஜனின் 2-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. அவன் அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொன்று 'துரோகிகளான' சோமன், ரவிதாசன், பரமேசுவரன் என்று பெயர் சொல்லி, சொத்தைப் பறித்த சேதி. கொலைக்குப் பின்னால் யார் இருந்தார்கள் என்று டீக்கடை வரை சண்டை போட்டாயிற்று, அதை விடுங்கள். பெயர்களுக்கு அப்புறம் வருவதைப் பாருங்கள். தம்பிமார், பிள்ளைகள், மனைவிமார், பெற்றவள், தாய்மாமன்மார். அதோடு நிற்கவில்லை, உடன்பிறந்த பெண்களைக் கட்டியவர்களும் உண்டு. அக்காவைக் கட்டிய பாவத்துக்கு மச்சானும் மாட்டிக்கொண்டான்.

இது நம் ஊர் வழக்கம் மட்டும்தானா என்றால், இல்லை. ஐஸ்லாந்துக்காரர்கள் எழுதிவைத்த பழங்கதையில் லோகி என்று ஒருவன். தேவர்களோடு ஒரே பந்தியில் தின்றவன். நம்மவர்கள் சொல்கிற உண்ட வீட்டுக்கு இரண்டகம்தான். கண் தெரியாத ஹோடரின் கையில் புல்லுருவிக் குச்சியைக் கொடுத்து, எல்லாருக்கும் செல்லமான பால்டர் மேல் எறிய வைத்துக் கொன்றான். புல்லுருவி! நாம் ஆளைத் திட்டுகிற அதே சொல். லோகி பிடிபட்டான். அவன் மகன் ஒருவனை ஓநாயாக்கி, இன்னொரு மகனைக் குதறவிட்டார்கள். செத்த பிள்ளையின் குடலாலேயே அப்பனைப் பாறையில் கட்டினார்கள். முகத்துக்கு நேர் மேலே ஒரு பாம்பு, சொட்டுச் சொட்டாக விஷம்.

பக்கத்தில் அவன் மனைவி சிகின் உட்கார்ந்து, கிண்ணத்தில் அந்த விஷத்தை ஏந்துகிறாள். கிண்ணம் நிரம்பினால் எழுந்துபோய்க் கொட்டிவிட்டு வர வேண்டும். அந்த இடைவெளியில் சொட்டு முகத்தில் விழும், அவன் துடிப்பான், பூமி அதிரும். பூகம்பத்துக்கு அவர்கள் சொன்ன காரணம் அதுதான். எனக்கு லோகியைப் பற்றிக் கவலை இல்லை. அந்தக் கை! உலகம் அழியும் நாள் வரைக்கும் கிண்ணம் பிடிக்க வேண்டிய கை.

ரோமில் தார்ப்பேயா என்ற பெண்ணின் கதை வேறு. இடது கையில் போட்டிருப்பதைத் தந்தால் கோட்டையைத் திறந்துவிடுகிறேன் என்று எதிரிகளிடம் பேரம் பேசினாள். அவள் நினைத்தது தங்கக் காப்பு. அதே கையில் கேடயமும் இருந்தது. அதை எறிந்தே நசுக்கினார்கள். சரி, அது அவளோடு போயிற்று.

நம் பூம்புகார்ப் பெண் கதையில் போகவில்லை. மதுரையில் பொய் சொன்ன பொற்கொல்லன் ஒருவன். பின்னால் பாண்டியன் வெற்றிவேற்செழியன் கண்ணகிக்குப் பலி கொடுத்ததோ ஆயிரம் பொற்கொல்லரை என்கிறது சிலம்பு. அன்று காலை அவர்கள் பட்டறையில் ஊதுகுழலும் கையுமாக, யார் வீட்டுத் தாலிக்கோ தங்கம் உருக்கிக்கொண்டிருந்திருப்பார்கள்.

ராஜாக்களை மட்டும் சொல்லிப் பயனில்லை. நான் சின்னப் பையனாக இருந்தபோது, குறுவைக்குத் தண்ணீர் போதாத ஒரு வருஷம், ராத்திரி மடைக் காவலுக்கு விட்ட ஆளே பக்கத்து ஊருக்கு மடையைத் திறந்துவிட்டார். அந்த வீட்டோடு பேச்சு கிடையாது என்றது ஊர். அவர் பெண் என் வகுப்பு. மதியச் சாப்பாட்டு வரிசையில் அவளுக்கு முன்னாலும் பின்னாலும் ஓர் ஆள் இடம் விட்டு நின்றோம். நானும்தான்.

பெரியபுராணத்தில் ஒரு கதை இருக்கிறது, அதைச் சொல்லிவிட்டு இறங்குகிறேன். சிவனடியார் வேஷத்தில் வந்த முத்தநாதன், சுவடிக்கட்டில் மறைத்த கத்தியால் அரசர் மெய்ப்பொருள் நாயனாரைக் குத்துகிறான். காவலன் தத்தன் வாளோடு பாய்கிறான். 'தத்தா, நமர்', அதாவது இவர் நம்மவர், என்று தடுத்து விழுகிறார் அரசர். இவனுக்கு வழியில் இடைஞ்சல் வராமல் கொண்டுபோய் விடு என்கிறார். சேதி தெரிந்து ஊரே மறிக்கிறது. கொன்றவனுக்குத் தத்தன் காவல் போகிறான். ஊர் எல்லை தாண்ட விட்டுவிட்டு ஓடி வருகிறான். அந்தச் சேதியைக் கேட்கத்தான் அரசர் உயிரைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறார்.

முத்தநாதனின் மச்சானைத் தேடி யாரும் போனதாகச் சேக்கிழார் பாடவில்லை.