உளூவில் திரும்பத் திரும்ப வரும் சந்தேகம்: ஈமான் குறைவா?

ஒரு சகோதரி கேட்டிருக்காங்க: "என் கணவர் உளூ (தொழுகைக்கு முன்னாடி கை, முகம், கால் கழுவுறது) செய்யப் போனா அரை மணி நேரம் ஆகுது. கழுவின கையையே மறுபடி கழுவுறார். தொழுகையை ஆரம்பிக்கத் தக்பீர் கட்டிட்டு அவிழ்த்து மறுபடி கட்டுறார். இவருக்கு ஈமான் (இறைநம்பிக்கை) பலவீனமா?" அந்தக் கடைசி வரி மனசை என்னவோ பண்ணுது.

இல்லம்மா, பலவீனம் இல்லை. நபித்தோழர்களான ஸஹாபாக்கள் சிலர் நபி (ஸல்) அவர்கள்கிட்ட வந்து, வாயால சொல்லவே பயப்படுற எண்ணங்கள் மனசுல வருதுன்னு முறையிட்டாங்க. அதுதான் தெளிவான ஈமான்னு நபியவர்கள் பதில் சொன்னாங்க. இது 'முஸ்லிம்'ங்கிற ஹதீஸ் (நபிமொழி) தொகுப்புல இருக்கு. அந்த எண்ணத்தை வெறுக்குறதே ஈமான் இருக்குன்னு காட்டுது.

இதுல அடிப்படைப் பாடம் ஒண்ணு: உறுதியா நடந்ததை, பின்னாடி வர்ற சந்தேகம் நீக்காது. காத்துப் பிரிஞ்சா உளூ முறியும். தொழுகையில அப்படிப் பிரிஞ்ச மாதிரி தோணுதுன்னு ஒருத்தர் முறையிட்டப்போ, சத்தம் கேட்கும் வரை, இல்லன்னா வாடை தெரியும் வரை தொழுகையை விட்டுத் திரும்ப வேணாம்னு நபியவர்கள் சொன்னாங்க. தோணுறது கணக்குல வராது.

உளூவுக்கும் அளவு இருக்கு. நபியவர்கள் ஒரு 'முத்து' அளவு தண்ணியில உளூ செஞ்சாங்க. முத்துன்னா நடுத்தரமான ரெண்டு கை சேர்த்து அள்ளுற அளவு, ஏறத்தாழ முக்கால் லிட்டர். குழாயை மூடிட்டு ஒரு லிட்டர் ஜக்குல தண்ணி வைங்க. தண்ணி தீர்ந்தா உளூவும் முடிஞ்சது. ஒரு உறுப்புக்கு அதிகபட்சம் மூணு தடவை. அதுக்கு மேல போனா வரம்பு மீறல்னு நஸாயீங்கிற தொகுப்புல வர்ற ஹதீஸ் சொல்லுது. பேணுதல்னு நினைச்சு அவர் செய்யுற நாலாவது தடவைதான் சுன்னத்துக்கு (நபிவழிக்கு) மாறானது.

தொழுகையில மூணு ரக்அத்தா (தொழுகையின் ஒரு சுற்று) நாலான்னு குழம்பினா மூணுன்னு வெச்சு, ஒண்ணு சேர்த்துத் தொழுது, தொழுகையை முடிக்கிற ஸலாமுக்கு முன்னாடி ரெண்டு ஸஜ்தா (சிரம் பணிதல்) செய்யணும். ஆனா இது எப்பவாவது சந்தேகம் வர்றவருக்கு. எல்லாத் தொழுகையிலும் வருதுன்னா அதைச் சட்டை பண்ணவே கூடாதுன்னு அறிஞர்கள் பலர் சொல்றாங்க.

சகோதரி இன்னொண்ணையும் கேட்டிருக்கலாம்: "நான் என்ன செய்யணும்?" அதுதான் முக்கியம். "நான் முகம் கழுவினேனா, பார்த்தியா?"ன்னு அவர் கேட்பார். "கழுவினீங்க"ன்னு நீங்க சொல்வீங்க. ரெண்டு நிமிஷம் நிம்மதி, மறுபடி அதே கேள்வி. உங்க பதில்தான் தீனி போடுது! கேலியும் வேணாம், அதட்டலும் வேணாம். "இதுக்கு நான் பதில் சொல்றதில்லைன்னு பேசி வெச்சிருக்கோமே, வாங்க தொழுவோம்"னு அன்பா சொல்லுங்க. இதை அவர் அமைதியா இருக்கிற நேரத்துல முன்கூட்டியே பேசிக்கணும். திடீர்னு நிறுத்தினா சண்டைதான். மறுபடி கழுவாம இருந்தா முதல்ல பதற்றம் ஏறும், அப்புறம் தானா இறங்கும். அந்த இறக்கத்தை அவர் பல தடவை அனுபவிக்கணும்.

தினமும் மணிக்கணக்குல போகுது, வக்து (தொழுகை நேரம்) தவறுதுன்னா மனநல மருத்துவரைப் பாருங்க. ஓசிடின்னு சொல்ற, எண்ணமும் செயலும் திரும்பத் திரும்ப வர்ற நோயா இருக்கலாம். அதுக்குப் பயிற்சியும் மருந்தும் இருக்கு. மருத்துவம் செய்யுங்கன்னு சொன்னதும் நபியவர்கள்தான், அது தவக்குலுக்கு (இறைவன் மேல பொறுப்பு சாட்டுறதுக்கு) எதிரானது இல்லை. போறப்போ நீங்களும் கூடப் போங்க. ஒரு நாளைக்கு எத்தனை தடவை உங்ககிட்ட கேட்கிறார்னு ஒரு வாரம் எண்ணிக் குறிச்சு எடுத்துட்டுப் போனா டாக்டருக்கு ரொம்ப உதவும்.