"ஒரு செய்யுள்கூட ஞாபகம் இல்லை டீச்சர்"

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்றை மட்டும் தனியாக எடுத்து வைத்திருந்தேன். இரண்டு நிமிடத்தில் பதில் சொல்லி முடிக்கக்கூடிய கேள்வி இல்லை அது. முதலில் படித்துவிடுகிறேன்.

"ஐயா, அரசு உயர்நிலைப் பள்ளியில் பன்னிரண்டு வருடமாகத் தமிழ் எடுக்கிறேன். போன மாதம் சந்தையில் என் பழைய மாணவன் ஒருவனைப் பார்த்தேன். லோடு வண்டி ஓட்டுகிறானாம். 'நான் நடத்தினதில் ஏதாவது ஞாபகம் இருக்கிறதா?' என்று விளையாட்டாகக் கேட்டேன். 'ஒரு செய்யுள்கூட ஞாபகம் இல்லை டீச்சர்' என்று சிரித்தான். அப்புறம் என் காய்கறிப் பையை வாங்கிக்கொண்டு வந்து பஸ் ஏற்றிவிட்டுப் போனான். அன்றிலிருந்து மனசு சரியில்லை. மனப்பாடம் செய்ய வைத்து, ஒப்பிக்க வைத்து, இத்தனை பாடுபட்டும் எதுவுமே நிற்காது என்றால் ஆசிரியர் என்று ஒருவர் எதற்கு? விளக்கம் சொல்லுங்கள்."

டீச்சர், நானும் முப்பத்தொரு வருடம் சாக்பீஸ் பிடித்தவன். ஏணி, தோணி என்று ஆரம்பித்துப் பத்து நிமிடம் பேச எனக்கும் தெரியும். ஆசிரியர் தினத்தன்று மைக் கிடைத்தால் அதைத்தான் பேசுவோம். உங்களுக்கு அது போதாது என்று கேள்வியைப் பார்த்தாலே தெரிகிறது. அதனால் முதலிலிருந்து கடைசி வரை எழுத்தில் பதிவாகியிருக்கிற ஒரு ஆசிரியர், ஒரு மாணவர் இரண்டு பேரையும் எடுத்துக்கொள்கிறேன். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, உ.வே.சாமிநாதையர். தமிழ் டீச்சரிடம் போய் இவர்களைப் பற்றிச் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற மாதிரிதான். இருந்தாலும் வேறு ஒரு பக்கத்திலிருந்து பார்ப்போம்.

1871ஆம் வருடம். மாயவரம், இன்றைய மயிலாடுதுறை. பதினாறு வயதுப் பையனை அவனுடைய அப்பா கூட்டிக்கொண்டு வந்து பிள்ளை முன்னால் நிறுத்துகிறார். அப்போது அவன் பெயர் வேங்கடராமன். பிள்ளை உடனே சேர்த்துக்கொள்ளவில்லை. வருகிறவர்கள் கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போய்விடுகிறார்கள் என்ற கசப்பு அவருக்கு இருந்தது. நமக்கெல்லாம் இருக்கிற அதே கசப்புதான். அப்பா விடவில்லை, பையனை உங்களிடம் ஒப்படைத்துவிட்டேன் என்கிற மாதிரிப் பேசிச் சேர்த்துவிட்டார். பிறகு ஒருநாள் பிள்ளை, 'உனக்கு வேறு பெயர் உண்டா?' என்று கேட்கிறார். வீட்டில் சாமிநாதன் என்ற பெயர் உண்டு, சுருக்கமாகச் சாமா என்று கூப்பிடுவார்கள் என்கிறான் பையன். 'அப்படியானால் சாமிநாதன் என்றே இருக்கட்டும்' என்கிறார் ஆசிரியர். நாம் இன்று சொல்கிற பெயர் அப்படி நிலைத்ததுதான். பாடம் நிற்கிறதோ இல்லையோ, இங்கே பெயரே நின்றுவிட்டது.

ஆனால் நான் சொல்ல வந்தது அது இல்லை. சேர்ந்த புதிதில் பிள்ளை நேரடியாகப் பாடம் சொல்லவில்லை. மூத்த மாணவர் சவேரிநாத பிள்ளையிடம் விட்டுவிட்டார். பையனுக்கு ஏக்கம். பிள்ளை புதிதாக வாங்கிய வீட்டின் தோட்டத்தில் மரங்களை நட்டிருந்தார். காலையில் எழுந்ததும் எந்த மரத்தில் எங்கே துளிர் விட்டிருக்கிறது என்று பார்ப்பது அவருடைய வழக்கம். ஒரு துளிரைக் கண்டால் அன்றைக்கு அவருக்கு அவ்வளவு சந்தோஷம். இதைப் பையன் கவனித்துவிட்டான். அவர் வருவதற்கு முன்பே தோட்டத்துக்குப் போய் ஒவ்வொரு மரமாகத் தேடிப் பார்த்து வைத்துக்கொண்டு, அவர் வந்ததும் 'இதோ இங்கே ஒன்று, அதோ அங்கே ஒன்று' என்று காட்டுவான். பிள்ளைக்கு முகம் மலரும். இப்படிச் சில நாள் போனபின், சமயம் பார்த்துத் தன் ஆசையைச் சொல்கிறான். அப்புறம்தான் நேரடிப் பாடம்.

கிழவர் வயதில் தன் வரலாறு எழுதும்போது இதற்கென்று ஓர் அத்தியாயமே ஒதுக்கி, 'தளிர் ஆராய்ச்சி' என்று தலைப்புப் போட்டிருக்கிறார் உ.வே.சா. தொடராக அது பத்திரிகையில் வர ஆரம்பித்தது 1940இல். கிட்டத்தட்ட எழுபது வருடம் கழித்து அவர் கண்ணில் நின்றது ஓர் அந்தாதிச் செய்யுளுக்குப் பிள்ளை சொன்ன உரை மட்டுமா? தலையை நிமிர்த்தி மரத்தில் துளிர் தேடிக்கொண்டு நிற்கிற ஒரு மனிதர்!

இதை நான் ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், அடுத்து வருகிற பகுதிக்கு இது தேவை.

பிள்ளையிடம் அவர் பாடம் கேட்டதெல்லாம் என்ன? அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், கலம்பகங்கள், கோவைகள், தலபுராணங்கள். அந்தக் காலத்துப் படிப்பு அதுதான். 1876 பிப்ரவரி 1ஆம் தேதி பிள்ளை காலமானார். நான்கு வருடம் கழித்துச் சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராகிறார். அந்த இடத்தைப் பெற்றுத் தந்தவரும் பிள்ளையின் மாணவர்தான், தியாகராச செட்டியார். அதே 1880, அக்டோபர் மாதம், கும்பகோணத்துக்கு முன்சீபாக, அதாவது நீதிபதியாக, வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். 'என்ன படித்திருக்கிறீர்கள்?' என்று முதலியார் கேட்கிறார். இவர் அந்த அந்தாதி, இந்தப் புராணம் என்று நீளமாக அடுக்குகிறார். முதலியார் அசையவே இல்லை. 'இதெல்லாம் படித்து என்ன பிரயோசனம்? சிந்தாமணி படித்திருக்கிறீர்களா? சிலப்பதிகாரம்? மணிமேகலை?' என்கிறார். நான் படித்ததில்லை, என் ஆசிரியரே படித்ததில்லை, புத்தகமே கிடைக்கவில்லை என்கிறார் நம்மவர்.

இந்த இடத்தில் நின்று யோசித்துப் பாருங்கள் டீச்சர். ஐந்து வருடம் ஊண் உறக்கம் பார்க்காமல் ஆசிரியர் சொல்லிக் கொடுத்ததை ஒரு முன்சீப் ஒரே வாக்கியத்தில் தள்ளிவிட்டார். பிற்காலத்தில் உ.வே.சா. பழைய ஏடுகளிலிருந்து பதிப்பித்துப் பெயர் வாங்கிய நூல்கள், 1887இல் சிந்தாமணி, 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை, இவை எதுவும் பிள்ளையிடம் பாடம் கேட்டவை இல்லை. பாடத்திட்டத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் பிள்ளையின் பங்கு பூஜ்யம் என்றுகூட ஒருவர் வாதாடலாம்.

ஆனால் சிந்தாமணி சமண நூல். சைவ மடத்தில் வளர்ந்த பண்டிதருக்கு அதில் ஆயிரம் இடங்கள் விளங்கவில்லை. அவர் என்ன செய்தார்? கும்பகோணத்தில் இருந்த சமணர்களின் வீடு தேடிப் போய்ச் சந்தேகம் கேட்டுக்கொண்டார். கல்லூரி ஆசிரியர் என்ற கௌரவத்தையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு மாணவன் மாதிரி உட்கார்ந்து கேட்டார். அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது? இது என் ஊகம்தான், ஆனால் உறுதியாகவே சொல்கிறேன். பிள்ளையின் வீட்டுத் திண்ணையிலிருந்து வந்தது. தான் முதலில் பாடம் கேட்ட சவேரிநாத பிள்ளை கிறிஸ்தவர். நாகூர் குலாம் காதிறு நாவலரும் பிள்ளையின் மாணவர்தான். சாப்பாட்டுக்குத் தனி ஏற்பாடு என்கிற அந்தக் காலத்து வழக்கமெல்லாம் இருந்தது. பாடத்துக்கு அது கிடையாது. சம்பளம் வாங்காமல் பாடம் சொல்லி, மாணவர்களை வீட்டில் வைத்துச் சோறும் போட்ட மனிதர் பிள்ளை. செய்யுளை அவர் சொல்லச் சொல்ல ஓலையில் எழுதிப் பழகிய கைதான் பின்னால் செல்லரித்த ஏடுகளைப் பிரித்தது.

பிள்ளையின் கடைசி நேரத்தைப் பற்றி உ.வே.சா. எழுதியிருப்பதை வகுப்பில் படிக்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் குரல் இறங்கிவிடும். திருவாவடுதுறை. மூச்சு வாங்குகிறது. சவேரிநாத பிள்ளை ஆசிரியரைத் தன் மார்பில் சாய்த்துப் பிடித்துக்கொண்டிருக்கிறார். திருவாசகத்தில் அடைக்கலப் பத்தைச் சாமிநாதன் வாசிக்கிறான். இருபத்தொரு வயதுகூட நிரம்பவில்லை. நான் அதற்கு மேல் விளக்கம் சொல்லாமல் புத்தகத்தை மூடிவிடுவேன்.

சரி, இதுவரைக்கும் நல்ல பக்கம். இன்னொரு பக்கமும் உண்டு. அதை மறைத்தால் நான் உங்களுக்குச் செய்கிற துரோகம். உ.வே.சா.வின் அப்பா சங்கீதக்காரர். பையனுக்கும் இசை வரும். மாயவரத்தில் கோபாலகிருஷ்ண பாரதியார் இருந்தார், நந்தன் சரித்திரக் கீர்த்தனை பாடிய அதே பாரதியார். பிள்ளைக்குத் தெரியாமல் அவரிடம் போய்ப் பையன் சங்கீதம் கற்றுக்கொண்டிருந்தான். பிள்ளைக்குச் சங்கீதத்தில் அவ்வளவு பிரியம் கிடையாது. இசையில் புத்தி போனால் இலக்கியத்தில் ஓடாது என்று நினைப்பவர். விஷயம் தெரிந்ததும் அவருக்குப் பிடிக்கவில்லை. சங்கீதப் பயிற்சி நின்றது. ஆசிரியரின் முகம் சுருங்கியதற்காக ஒரு கலையையே விட்டுவிட்டான் பையன். பின்னால் வயதான காலத்தில் கோபாலகிருஷ்ண பாரதியார், கனம் கிருஷ்ணையர், மகா வைத்தியநாதையர் என்று சங்கீதக்காரர்களின் வரலாறுகளைத் தேடித் தேடி எழுதினார். அந்த ஆசை உள்ளே கிடந்திருக்கிறது பாருங்கள். நம்முடைய முகச்சுளிப்பும் நிற்கும் டீச்சர். செய்யுளை விட நன்றாகவே நிற்கும்.

என் கதையையே சொல்கிறேன். ஏழாவதில் எனக்குக் கணக்கு எடுத்த ஒருவர் விடைத்தாளைக் கையில் கொடுக்க மாட்டார். மதிப்பெண்ணை உரக்கப் படித்துவிட்டுத் தரையில் வீசுவார். குனிந்து பொறுக்கிக்கொள்ள வேண்டும். எனக்கு வயது அறுபத்து நாலு. இன்றைக்கும் வங்கியில் சலான் நிரப்பும்போது கூட்டல் போட்டால் மூன்று முறை சரிபார்ப்பேன். பின்னால் வரிசையில் நிற்கிறவர் உச்சுக் கொட்டினால் கை வியர்த்துவிடும். அவர் நடத்திய கணக்கில் ஒன்றுகூட எனக்கு ஞாபகம் இல்லை. தரை ஞாபகம் இருக்கிறது. சிவப்பு ஆக்ஸைடு தரை, ஒரு மூலையில் பொரிந்திருக்கும்.

அடுத்த வருடமே எட்டாவதில் வேறொருவர் வந்தார். தமிழ் ஐயா. கட்டுரை நோட்டைத் திருத்தச் சிவப்பு மை தொடமாட்டார். காதில் பென்சில் சொருகியிருப்பார். தப்பான எழுத்தின் அடியில் பென்சிலால் சின்னதாக ஒரு புள்ளி வைப்பார், அவ்வளவுதான். என்ன தப்பு என்று நாமே கண்டுபிடித்துத் திருத்திவிட்டு, புள்ளியை அழித்துக்கொள்ளலாம். வருடக் கடைசியில் நோட்டைப் பார்த்தால் சுத்தமாக இருக்கும், தப்பே செய்யாத பையன் நோட்டு மாதிரி. அவர் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. நாங்களும் கேட்டதில்லை.

எனக்குக் கல்யாணமாகிப் பல வருடம் கழித்து ஒருநாள், மைத்துனர் மகள் கல்யாணப் பத்திரிகையின் மாதிரியைப் பிழை பார்க்கக் கொடுத்திருந்தார்கள். பார்த்துக்கொண்டிருந்தேன். என் மனைவி காபியை வைத்துவிட்டு, "எதற்கு இப்படிப் புள்ளி புள்ளியாக வைக்கிறீர்கள்? அச்சகத்துக்காரனுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள். அப்போதுதான் நானே கவனித்தேன். காதில் பென்சில் வேறு. ஒற்று மிகும் இடம், மிகா இடம் எல்லாம் நான் கல்லூரியில் படித்துத் தெரிந்துகொண்டவை. அந்தப் புள்ளி மட்டும் எட்டாம் வகுப்பிலிருந்து வந்தது. அந்த ஐயாவிடம் போய்ச் சொல்லலாம் என்றால் அதற்குள் அவர் காலமாகிவிட்டார்.

உ.வே.சா. பாக்கியசாலி. தன் ஆசிரியரின் வரலாற்றை இரண்டு பாகமாக எழுதி 1933லும் 1934லும் வெளியிட்டார். பிள்ளை இறந்து ஐம்பத்தேழு வருடம் ஆகியிருந்தது. எழுதியவருக்கு வயது எழுபத்தெட்டு. கூட இருந்தது ஐந்து வருடம்தான். பிள்ளைக்கு இது தெரியாது. துளிர் காட்டிய பையன் இதையெல்லாம் எழுதி வைப்பான் என்று நினைத்தா அவர் தோட்டத்துக்குப் போனார்?

இப்போது உங்கள் லோடு வண்டிக்காரருக்கு வருகிறேன். நீங்கள் அவரிடம் கேட்டது பரீட்சைக் கேள்வி. பல வருடம் கழித்துச் சந்தையில் நிறுத்தி வைத்துப் பரீட்சை வைத்தால் யாராக இருந்தாலும் ஃபெயில்தான். நானும் ஃபெயில்தான். ஆனால் எத்தனையோ பேர் பழைய டீச்சரைப் பார்த்தால் அடுத்த சந்தில் திரும்பிவிடுவார்கள். எனக்குக் கணக்கு எடுத்தவரை ஒருமுறை பஸ் ஸ்டாண்டில் பார்த்தபோது நான் அதைத்தான் செய்தேன். உங்கள் பையன் நின்று பேசி, மறந்துவிட்டது என்று உங்கள் முகத்துக்கு நேரே சிரித்துச் சொல்லியிருக்கிறான். மறந்துவிட்டேன் என்று பயமில்லாமல் சொல்லக்கூடிய டீச்சராக நீங்கள் இருந்திருக்கிறீர்கள்.

மனப்பாடம் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. ஒப்பிக்க வையுங்கள், அதில் கை வைக்காதீர்கள். அடுத்த தடவை அவனைப் பார்த்தால் செய்யுளைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். அந்த வகுப்பைப் பற்றிப் பொதுவாகப் பேச விடுங்கள். அவன் சொல்கிற ஏதோ ஒன்று உங்களுக்கே ஞாபகம் இல்லாததாக இருக்கும். அது என்ன என்று எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள், தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.

சரி, அடுத்த கேள்வி. "ஒற்று மிகும் இடம்" பற்றித்தான் மறுபடியும் கேட்டிருக்கிறார்கள். பென்சிலை எடுத்துக்கொள்கிறேன்.