ஆபீஸ் ட்ரிப்புக்கு பீச் ரிசார்ட் பார்க்கிறீர்களா? நீச்சல் குளத்துப் படத்தை ஓரமாக வையுங்கள்

வணக்கம் மக்களே. ஈசிஆரில் கோவளம் தாண்டி ஒரு ரிசார்ட் புல்வெளியில் நின்று பேசுகிறேன். மைக்கில் காற்று அடிக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். ஆபீஸில் டீம் அவுட்டிங் என்றாலே இடம் பார்க்கிற வேலை என் தலையில்தான் விழும். இந்த முறை நாற்பது பேர், ஒரு ராத்திரி தங்கல். ரிசார்ட் பெயரைச் சொல்லப்போவதில்லை, விளம்பரம் என்று நினைத்துவிடுவீர்கள். எதைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்பதை மட்டும் பேசலாம்.

எடுத்தவுடனே சொல்லிவிடுகிறேன், சென்னைப் பக்கம் பீச் ரிசார்ட் என்றால் கடல் பார்ப்பதற்குத்தான், குளிப்பதற்கு இல்லை. இதோ கேமராவைத் திருப்புகிறேன். அலை உடைகிற இடத்தில் மணல் எவ்வளவு சரிவாக இறங்குகிறது பாருங்கள். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வெள்ளையாக அலை உடைகிறது, நடுவில் மட்டும் ஒரு பட்டை அமைதியாக, கொஞ்சம் கலங்கலாகத் தெரிகிறதே, பார்த்தால் அங்கேதான் இறங்கலாம் போல இருக்கும். கரைக்கு வந்த தண்ணீர் திரும்பிப் போகிற வழி அதுதான், ஆளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும். ஆபீஸ் கூட்டத்தில் பாதிப் பேருக்கு நீச்சல் தெரியாது, தெரியாதவர்கள்தான் குரூப் போட்டோ என்று முதலில் ஓடுவார்கள். அதனால் மேனேஜரிடம் நான் கேட்கிற முதல் கேள்வி, கடற்கரையில் உயிர்காப்பாளர் எத்தனை மணிக்கு வருவார், எத்தனை மணிக்குக் கிளம்புவார். "செக்யூரிட்டி இருக்கிறார் சார்" என்று பதில் வந்தால் கேட்டதற்கு விடை கிடைத்துவிட்டது. கால் நனைத்தே ஆக வேண்டும் என்று டீம் அடம்பிடித்தால் கோவளம் பொதுக் கடற்கரைக்குக் கூட்டிப் போங்கள். நல்ல கடற்கரைகளுக்கு உலக அளவில் தருகிற நீலக்கொடிச் சான்றை 2021-இல் வாங்கிய கடற்கரை அது, அந்தச் சான்றுக்குப் பாதுகாப்பு ஏற்பாடும் ஒரு நிபந்தனை.

பிரைவேட் பீச் என்று போட்டிருப்பார்கள். இங்கே பாருங்கள், படகு நிற்கிறது, வலை காய்கிறது, ஒரு அண்ணன் உட்கார்ந்து வலையைப் பின்னிக்கொண்டிருக்கிறார். கடற்கரை ரிசார்ட்காரர்களுக்குச் சொந்தம் கிடையாது, அவர்களுக்கு இருப்பது ஒரு கேட்டும் படிக்கட்டும்தான். வாலிபால் வலை கட்டுவதாக இருந்தால் புல்வெளியில் கட்டுங்கள், படகு இழுக்கிற பாதையில் கட்டிவிட்டு அவர்களோடு சண்டைக்குப் போகாதீர்கள்.

அடுத்தது ரூம். சுற்றிக் காட்டுகிறவர் எப்போதும் கடலைப் பார்த்த காட்டேஜைத்தான் திறப்பார். குரூப் புக்கிங்கிற்குக் கிடைக்கப்போவது பின்னால் ஜெனரேட்டர் பக்கத்து வரிசை. அந்த வரிசையைத் திறக்கச் சொல்லுங்கள். நான் இப்போது அங்கேதான் போய்விட்டு வந்தேன். பாத்ரூம் குழாயைச் சுற்றி வெள்ளையாக உப்புப் படிந்திருக்கிறது, கையில் சோப்பைத் தேய்த்தால் நுரையே வரவில்லை, ஒரு வாய் கொப்பளித்தேன், கரிக்கிறது. வெளியே போய் ஏசி அவுட்டோர் யூனிட்டைப் பார்த்தேன், ஸ்டாண்ட் துருப்பிடித்துப் பொரிந்து கிடக்கிறது. கடல் ஓரத்தில் துரு வரும்தான், ஆனால் வருஷத்துக்கு ஒரு முறை பெயிண்ட் அடிக்கிறவர்கள் இடம் பார்த்தாலே தெரியும். ராத்திரி பதினோரு மணிக்கு ஏசி நின்றால் ரிசப்ஷனுக்கு யாரும் போன் செய்ய மாட்டார்கள், உங்களுக்குத்தான் செய்வார்கள்.

சரி, காசு. ஒரு ரூமுக்கு ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை என்றால் 2025 செப்டம்பர் 22-லிருந்து ஜிஎஸ்டி 5 சதவீதம், அதற்கு மேலே ஒரு ரூபாய் போனாலும் 18. கணக்குப் போட்டுப் பாருங்கள். 7,500 ரூபாய் ரூம் வரியோடு 7,875. அதே ரூமை 7,600 என்று கொட்டேஷன் கொடுத்தால் 8,968. வாடகையில் நூறு ரூபாய் வித்தியாசம், பில்லில் 1,093 ரூபாய். அதனால் பேரம் பேசுகிற இடம் அந்த 7,500. "ப்ளஸ் டாக்ஸ்" என்று ஒற்றை வரியில் முடித்துவிடுவார்கள், ரூமுக்குத் தனியாகவும் ஹால், சாப்பாட்டுக்குத் தனியாகவும் பிரித்து எழுதிக் கேளுங்கள்.

அப்புறம் பாண்டி. டீமில் ஓட்டெடுப்பு வைத்தால் பாண்டிதான் ஜெயிக்கும், காரணம் எல்லாருக்கும் தெரியும், எச்ஆருக்கும் தெரியும். ஆனால் பாண்டி ரிசார்ட் என்று ஆன்லைனில் வருவதில் நிறைய இடங்கள் கோட்டக்குப்பம், பொம்மையார்பாளையம் பக்கம் இருக்கின்றன. அது விழுப்புரம் மாவட்டம், தமிழ்நாடு. பாண்டி ஊருக்குள் போய்ப் பாட்டில் வாங்கிக்கொண்டு ரூமுக்குத் திரும்பினால் எல்லை தாண்டி மது கடத்திய கணக்கில் வரும், ஆபீஸ் பஸ்ஸை மடக்கிச் சோதனை போட்டால் அது வேறு மாதிரி மெயிலாக மறுநாள் வரும். புதுச்சேரி எல்லைக்குள்ளேயே ரிசார்ட் எடுத்தால் அந்தத் தொல்லை இல்லை, ஆனால் அக்கவுண்ட்ஸ்காரர் முகம் சுளிப்பார். ஹோட்டல் எந்த மாநிலத்தில் நிற்கிறதோ அந்த மாநில வரிதான் பில்லில் வரும், தமிழ்நாட்டுப் பதிவு மட்டும் வைத்திருக்கும் கம்பெனி அதைத் தான் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ள முடியாது. இன்னொன்று, கோட்டக்குப்பம் இருக்கிற பாண்டிக்கு வடக்குப் பக்கக் கரை முழுக்கக் கடல் அரிப்பு. பாண்டி துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர்கள் வந்த பிறகு, தெற்கிலிருந்து வருகிற மணல் அங்கேயே தேங்கிப்போய், வடக்கே கரை கரைந்துவிட்டது. படத்தில் இருக்கிற மணலுக்குப் பதிலாக நேரில் கருங்கல் குவியலைப் பார்ப்பீர்கள். போன மாதம் எடுத்த வீடியோவை வாட்ஸப்பில் அனுப்பச் சொல்லுங்கள், நாலு வருஷத்துக்கு முந்தைய படத்தை வைத்து அட்வான்ஸ் கட்டாதீர்கள்.

டிஜே கேட்பார்கள். திறந்தவெளியில் ராத்திரி 10 மணிக்கு ஸ்பீக்கரை நிறுத்தியாக வேண்டும், அது சட்டம். பஸ் ஈசிஆர் நெரிசலில் மாட்டி, மதியச் சாப்பாடு மூன்று மணிக்கு முடிந்து, ஓனர் ஸ்பீச், அவார்டு எல்லாம் முடிய ஒன்பது ஆகிவிடும். மூடிய ஹால் இல்லாத ரிசார்ட் என்றால் ஆட்டம் ஒரு மணி நேரம்தான்.

சீசன் பற்றிச் சுருக்கமாக. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மழை, ஆஃபர் போடுவார்கள், ஏமாறாதீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை, அப்போது சீ ஃபுட் பார்பெக்யூவுக்கு ஆளுக்கு இவ்வளவு என்று கூடுதலாகக் கேட்டால், மீன் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள், முழிப்பார்கள். ஜனவரி முதல் மார்ச் வரைதான் என் ஓட்டு. அந்த மாதங்களில் பங்குனி ஆமை முட்டையிடக் கரைக்கு வரும், வெளிச்சத்தில் ஆமைக்கு வழி தப்பும் என்று கடல் பக்கத்து ஃபோகஸ் லைட்டை அணைக்கிற ரிசார்ட் என்றால் எனக்குத் தனி மரியாதை.

பெண்களுக்கு ரூம் ஷேரிங்கைக் கடைசி நேரத்தில் எக்ஸெல்லில் நிரப்பாதீர்கள், முன்னாடியே அவர்களிடம் கேளுங்கள். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013-இல் வந்தது, வேலை நிமித்தமாகப் போகிற இடத்தையும் கம்பெனி ஏற்பாடு செய்த வண்டியையும் பணியிடமாகத்தான் பார்க்கிறது. "ட்ரிப்தானே" என்று யாராவது ஆரம்பித்தால் இதைச் சொல்லுங்கள்.

என் முடிவா? ஒரு ராத்திரி என்றால் கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில், மூடிய ஹாலும் மார்பளவு ஆழத்துக்கு மேல் போகாத குளமும் இருக்கிற இடம். இரண்டு ராத்திரி கிடைத்தால் மட்டும் பாண்டி. இந்த இடம்? அந்தப் பின் வரிசைக்கு நல்ல தண்ணீர் லைன் கொடுத்துவிட்டோம் என்று மேனேஜர் வீடியோ அனுப்பட்டும், அதுவரை அட்வான்ஸ் கிடையாது. சாப்பாடு ட்ரையல் பார்க்கக் கூப்பிடுகிறார்கள், போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.