ஏழு கிலோ தூரம்

வணக்கம் நேயர்களே.

உப்புவெளியில் பிள்ளைகளுக்கு ஜூடோ பழக்கிக்கொண்டிருக்கிறேன். சென்ற கிழமை ஒரு மாணவி தன் விரல்களை நீட்டிக் காட்டினாள். நான்கு விரலிலும் பிளாஸ்டர், நகக்கண்ணில் காய்ந்த இரத்தம். 52 கிலோ எடைப் பிரிவிலிருந்து 57க்கு மாறி மூன்று மாதம்தான் ஆகிறது. "அந்த அக்கா சட்டைக் கையைப் பிடிக்கவே விடுகிறார் இல்லை, சேர்" என்றாள். அழுகை இல்லை, கோபம் இருந்தது. எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது.

ஜூடோவில் போட்டி மனப்பான்மை வாயில் பிறப்பதில்லை, பிடியில் பிறக்கிறது. எடை கூடிய பிரிவில் கைகள் பெரும்பாலும் நீளம். தோளுக்கு மேலால் வந்து முதுகுச் சட்டையைப் பற்றிவிடுவார்கள். நேற்றுவரை குனிந்து உள்ளே புகுந்து தூக்கி எறிந்த எறி, இன்று சுவரில் முட்டியதுபோல் நின்றுவிடும். ஆனால் கீழிருந்து வருபவர் ஒரு வேகத்தையும் கொண்டுவருகிறார். அங்கே பல வருடம் நின்றவருக்கு அந்த வேகம் புதிது. இருவருக்குமே நித்திரை கெடுகிறது.

ஆண்களுக்கு 66 கிலோவுக்கு அடுத்தது 73. ஒலிம்பிக்கில் ஒரு நாட்டுக்கு ஒரு பிரிவில் ஒருவருக்குத்தான் இடம். ஜப்பானின் அபே ஹிஃபூமியும் மருயாமா ஜோஷிரோவும் 66 கிலோவில் அந்த ஒரே இடத்துக்காக 2020 டிசம்பர் 13ஆம் திகதி ஜூடோவின் தலைமையகமான கோடோகானில் மோதினார்கள். வழமையான ஆட்டம் 4 நிமிடம், அன்றைய ஆட்டம் 24 நிமிடம். அபே வென்றார், டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கமும் பெற்றார். ஒருவர் மேலே ஏறியிருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. மேலே 73இல் நின்றவர் ஒலிம்பிக் சாம்பியன் ஓனோ ஷோஹே!

அந்த ஓனோவின் பிரிவுக்குத்தான் ஜோர்ஜியாவின் லாஷா ஷவ்தத்துவாஷ்விலி போனார். 2012 லண்டனில் 66 கிலோவில் தங்கம் வென்றவர் அவர். ஏறிப்போன பிரிவில், 2016 ரியோவில் ஓனோ தங்க மேடையில் நிற்க, இவர் வெண்கலத்தோடு பக்கத்தில் நின்றார். ஐந்து வருடம் கழித்து டோக்கியோ இறுதியாட்டத்தில் அதே ஓனோ. நேரம் முடிந்தும் முடிவில்லை, கூடுதல் நேரத்தில்தான் ஓனோவால் வெல்ல முடிந்தது. தங்கத்தைக் கையில் வைத்திருந்தவர், புதிய இடத்தில் வெண்கலத்திலிருந்து தொடங்கி வெள்ளிக்கு ஏறினார். அந்த வெள்ளியை நான் லண்டன் தங்கத்துக்குக் குறைவாக மதிக்கமாட்டேன்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. சர்வதேசப் போட்டிகளில் முதல்நாள் எடை பார்த்தபின், மறுநாள் காலை சிலரைக் குலுக்கலில் தெரிந்து மறுபடி நிறுப்பார்கள். எல்லையைவிட 5 சதவீதத்துக்கு மேல் கூடக்கூடாது, 66 கிலோக்காரருக்கு 69.3. பட்டினியால் எடையை இறக்கி, இரவோடிரவாக ஏற்றுவதைத் தடுக்கவே இந்த விதி. நம் திருகோணமலை வெயிலில் மழைக்கோட்டு போட்டு ஓடும் பிள்ளையைக் கண்டால் எனக்கு நெஞ்சு பதறும். வளரும் பிள்ளை மேல் பிரிவுக்குப் போகட்டும், முதல் வருடம் தோற்கட்டும்.

நேற்று மாலை என் மாணவி அந்தச் சட்டைக் கையைப் பிடித்துவிட்டாள். எறியவில்லை, ஐந்து விநாடி விடாமல் வைத்திருந்தாள், அவ்வளவுதான். அக்கா பட்டியை அவிழ்த்து இறுகக் கட்டிக்கொண்டு, "இன்னொருக்கால் வா" என்றார்.