மலையிலிருந்து இறக்கிய கறி

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வேட்டையைப் பற்றிப் பேசுமாறு நிலையத்தார் கேட்டபோது சற்றுத் தயங்கினேன். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் மான் வேட்டையைக் குற்றமாக்கிய நாட்டில் வளர்ந்தவன் நான்; அங்கே அந்தச் சட்டம் அவசியம் என்றே இன்றும் கருதுகிறேன். ஆனால் இப்போது நான் வாழும் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், எந்தப் பகுதியில் எத்தனை மான்களை எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை சுடலாம் என்பதை அரசே வரையறுத்து உரிமச்சீட்டு வழங்குகிறது. ஓர் அக்டோபர் மாதக் கடைசியில், நண்பர் ஒருவருடன் மீக்கர் என்ற சிற்றூருக்குக் கிழக்கே, பிளாட் டாப்ஸ் மலையில் ஐந்து நாள் தங்கினேன். துப்பாக்கியும் உரிமமும் அவருடையவை. நான் சுமை தூக்கப் போனவன்.

அவரிடம் இரண்டு சீட்டுகள் இருந்தன. ஒன்று மியூல் மானுக்கு. கோவேறு கழுதையின் காதைப் போல் அகன்று நீண்ட காது கொண்டதால் அதற்கு அந்தப் பெயர். மற்றொன்று ஆண் எல்க்குக்கு. எல்க் நம் கடமானுக்கு உறவு. வளர்ந்த ஆண் 300 கிலோவைத் தாண்டும். (ஐரோப்பாவில் எல்க் என்றால் வேறு விலங்கு, அதை இங்கே மூஸ் என்பார்கள்.) சுரங்க ஊர்களுக்குக் கறி விற்பதற்காகக் கணக்கின்றிச் சுட்டுத் தள்ளியதால், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இம்மாநிலத்தில் எல்க் ஏறக்குறைய அழிந்தே போயிருந்தது. பக்கத்து வயோமிங்கிலிருந்து பிடித்துக் கொண்டுவந்து விட்டு, வேட்டையையும் கட்டுப்படுத்திய பின்புதான் அது மறுபடி பெருகி, இன்று இரண்டரை லட்சத்தைத் தாண்டி நிற்கிறது. நீள் துப்பாக்கிகளுக்கும் தோட்டாக்களுக்கும் விதிக்கப்படும் 11 விழுக்காட்டு வரி, 1937-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, இன்றும் காட்டுயிர்ப் பணிகளுக்கே போகிறது. நண்பர் தோட்டா வாங்கும்போதெல்லாம் அந்த வரியும் சேர்ந்தே போகிறது.

முதல் நாள் மாலை, எதிர்ச் சரிவில் நல்ல கொம்புள்ள மியூல் மான் ஒன்று பக்கவாட்டில் நின்றது. நண்பர் படுத்து, துப்பாக்கியைப் பையின் மேல் சாய்த்து, நெடுநேரம் குறி பார்த்தார். பிறகு விரலை எடுத்துவிட்டார். தொலைநோக்கியில் நான் பார்க்கத் தவறியதை அவர் பார்த்திருந்தார்: அதன் உடலுக்குப் பின்னால், புதருக்குள், இன்னொரு மானின் காது அசைந்தது. தோட்டா ஊடுருவிப் போய் அதையும் காயப்படுத்தக்கூடும். சூரியன் மறைந்து அரை மணி நேரம் கடந்தால் சுடக் கூடாது என்பது சட்டம். அந்த அரை மணியும் கழிந்தது. மான்கள் மேய்ந்துகொண்டே மேடேறிப் போயின. மியூல் மானுக்கான சீட்டு கடைசிவரை பயன்படவில்லை.

மலைக்காற்றைப் பற்றி அவரிடம் கற்றதைச் சொல்ல வேண்டும். விடியலில் குளிர்ந்த காற்று சரிவில் கீழ்நோக்கி வழிகிறது. வெயில் ஏறியதும் அதே காற்று மேல்நோக்கித் திரும்புகிறது. எல்க்கின் மூக்கை ஏமாற்ற முடியாது என்பதால், அந்தத் திருப்பம் நிகழும் வேளையில் மானுக்கு எந்தப் பக்கம் இருக்கிறோம் என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. நண்பர் சிறு குப்பியிலிருந்து வெண்பொடியை ஊதி ஊதிப் பார்த்தபடியே நடந்தார். “காற்றை முதலில் பார், மானைப் பிறகு தேடலாம்” என்பார்.

மூன்றாம் நாள் காலை, இலையுதிர்ந்த ஆஸ்பென் மரங்களின் ஓரத்தில் ஓர் ஆண் எல்க் வெளிவந்தது. உடனே சுட முடியாது: ஒரு பக்கக் கொம்பில் நான்கு கிளைகளாவது இருக்க வேண்டும், இல்லையேல் புருவத்தின் மேலுள்ள கிளை ஐந்து அங்குலமாவது இருக்க வேண்டும். உதடு அசைய அவர் எண்ணியதை நான் கண்டேன். ஒரே வெடி. எல்க் நாற்பது அடி நடந்து, முன்னங்கால் மடங்கி விழுந்தது. ஆயினும் அரை மணி நேரம் எங்களை அவர் எழவே விடவில்லை. உயிர் அடங்காத விலங்கை நெருங்கினால் அது எழுந்து ஓடி வேதனையில் சாகும்.

அருகில் போனபோது அதன் பிடரி மயிரில் உறைபனித் துகள் இன்னும் கரையாமல் இருந்தது. நண்பர் தொப்பியைக் கழற்றிக் கையை அதன் கழுத்தில் வைத்துச் சிறிது நேரம் பேசாமல் நின்றார். பிறகு சீட்டில் தேதியிட்டுக் கையெழுத்திட்டார். வேலை அதன்பின்தான் தொடங்கியது. உண்ணத்தக்க கறியைக் காட்டில் விட்டுவருவது குற்றம்: நான்கு கால்களின் கறியும் முதுகெலும்பை ஒட்டிய கறியும் கட்டாயம் இறங்கியாக வேண்டும். அவ்வளவு பெரிய உடலின் சூடு உள்ளேயே தங்கினால், எலும்பையொட்டிக் கறி கெட்டுவிடும். ஆகவே தோலை உரித்து, மூட்டு மூட்டாகப் பிரித்து, ஆவி பறக்கும் தொடைகளைத் துணிப்பைகளில் இட்டு நிழலில் தொங்கவிட்டோம். மேல்தாடையில் தந்தம் போன்ற இரண்டு பற்கள் இருந்தன. குரோ என்ற அமெரிக்கப் பழங்குடி இனப் பெண்கள் தம் உடைகளில் வரிசையாகத் தைத்துக்கொண்டவை இத்தகைய பற்களே.

வண்டிவரை மூன்று கிலோமீட்டர். ஆளுக்கு மூன்று நடை. பின்தொடை ஒன்றைச் சட்டகப் பையில் கட்டி முதுகில் ஏற்றியபோது முழங்கால் நடுங்கியது. விழுந்த மரங்களைத் தாண்டும் ஒவ்வொரு முறையும் கையை ஊன்றித்தான் எழுந்தேன். மறுநாள் நண்பகலில்தான் கடைசிச் சுமை இறங்கியது. அந்த ஒன்றரை நாளில், கடையில் வாங்கி நான் உண்ட கறிக்கெல்லாம் யாரோ இப்படிச் சுமந்திருப்பார்கள் என்ற எண்ணம் என்னை விட்டு அகலவில்லை.

தலையை அரசின் பரிசோதனைக்குக் கொடுத்தோம். மான்களின் மூளையைச் சிதைத்து மெலிய வைத்துக் கொல்லும் நோய் ஒன்று, 1967-இல் இதே மாநிலத்தின் ஃபோர்ட் காலின்ஸில்தான் முதன்முதலில் காணப்பட்டது. அது மனிதருக்குத் தொற்றியதாக உறுதியாகவில்லை. எனினும் நோயுற்ற மானின் கறியை உண்ண வேண்டாம் என்பதே மருத்துவ அறிவுரை. முடிவு வரும்வரை ஒரு துண்டும் சமைப்பதில்லை என்று நண்பர் உறுதியாக இருந்தார். ஒரு மாலை அவர் தொலைபேசியில் அழைத்து, நோய் இல்லை என்றார். அன்றிரவே உறைபெட்டியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து வெளியே வைத்தேன். அதன் மேல் அவருடைய கையெழுத்தில், “இடது முன்கால், உன் முதல் நடை” என்று எழுதியிருந்தது.