காற்றுச் செடிக்குத் தண்ணீர் வேண்டாம் என்று யார் சொன்னது?

(திரையில்: பால்கனிக் கம்பியில் தொங்கும் வெள்ளிச் சாம்பல் நிறக் கொத்து)

நர்சரியில் ஏர் பிளான்ட் வாங்கினால், "மண் வேணாம், தண்ணி வேணாம், சும்மா மாட்டி விடுங்க, காத்துலயே வளரும்" என்று சொல்லித்தான் பல இடங்களில் கொடுக்கிறார்கள். மண் வேண்டாம் என்பது உண்மை. மீதியை நம்பிவிடாதீர்கள்.

நாம் அதைச் சட்டென்று நம்பிவிடுவதற்கும் காரணம் இருக்கிறது. திருஷ்டிக்காக வாசலில் கட்டும் கற்றாழையும் ஆகாச கருடன் கிழங்கும் யாரும் ஒரு சொட்டுத் தண்ணீர் விடாமலே மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும், துளிர்கூட விடும். ஆனால் அவை இலையிலும் கிழங்கிலும் ஏற்கெனவே சேர்த்துவைத்ததைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கின்றன. ஏர் பிளான்ட் என்று கடையில் விற்பது பெரும்பாலும் டில்லான்சியா. அதற்கு அப்படிப்பட்ட பெரிய கையிருப்பு கிடையாது, மழையோ மூடுபனியோ அவ்வப்போது வருவதைக் குடித்துத்தான் பிழைக்கிறது.

இது அன்னாசிக் குடும்பத்துச் செடி. சொந்த ஊர் அமெரிக்கக் கண்டங்கள், 600-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. மரத்தில் தொங்குவதைப் பார்த்துப் புல்லுருவி என்று நினைக்க வேண்டாம், மரத்தின் சாற்றை இது தொடுவதே இல்லை, பிடித்துக்கொள்ள ஓர் இடம் கிடைத்தால் போதும். நம் நர்சரிகளில் அதிகம் கிடைக்கும் ஸ்பானிஷ் மாஸ் என்ற டில்லான்சியா வகைக்கு, வளர்ந்த பிறகு வேரே கிடையாது. லூசியானா, புளோரிடா பக்கம் ஓக் மரங்களிலிருந்து திரைச்சீலை மாதிரி தொங்கும். ஒரு காலத்தில் அதைப் பறித்துப் பதப்படுத்தி மெத்தைக்கும் கார் சீட்டுக்கும் அடைத்திருக்கிறார்கள்.

(திரையில்: ஓர் இழை, மிக அருகில்)

வேர் இல்லையென்றால் எதால் குடிக்கிறது? இந்த இழையைப் பாருங்கள், மேலெல்லாம் பொடிப்பொடியாகச் செதில்கள். காய்ந்திருக்கும்போது அவை லேசாக விரிந்து நின்று வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புவதால்தான் செடி வெள்ளியாகத் தெரிகிறது. இப்போது தண்ணீரில் முக்குகிறேன்... பச்சையாகிவிட்டது, கவனித்தீர்களா? செதில்கள் நீரை உறிஞ்சி இலையோடு படிந்துவிட்டன, உள்ளே இருக்கும் பச்சை தெரிகிறது. செடி குடித்ததா என்று பார்க்க வேறு கருவியே வேண்டாம்.

சரி, எவ்வளவு தண்ணீர்? வாரம் ஒருமுறை ஒரு வாளியில் முழுசாக 20-லிருந்து 30 நிமிடம் ஊறவிடுங்கள். கத்திரி வெயில் சமயத்தில் இடையில் ரெண்டு மூன்று நாள் ஸ்ப்ரே அடித்தால் நல்லது. காலையில்தான் செய்ய வேண்டும். இந்தச் செடி இலைத்துளைகளை இரவில்தான் திறந்து கரியமில வாயுவை எடுக்கிறது, அந்த நேரத்தில் உடம்பெல்லாம் தண்ணீர்ப் படலம் இருந்தால் மூச்சு விட வழியில்லை.

ஊறவைப்பதைவிட முக்கியமான வேலை, எடுத்த பிறகு காயவிடுவது. ஒழுங்காகத் தண்ணீர் விடுகிறவர்கள் வீட்டில் செடி போவது பெரும்பாலும் அழுகித்தான். ரோஜாப்பூ மாதிரி அடுக்கு உள்ள வகைகளைத் தலைகீழாகப் பிடித்து நன்றாக உதறுங்கள், இல்லாவிட்டால் நடுக்குருத்தில் தண்ணீர் தங்கி அடி கறுத்து, ஒருநாள் தொட்டவுடன் இலை மொத்தமாகக் கையோடு வந்துவிடும். நாலு மணி நேரத்துக்குள் காய வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் காற்றே ஈரமாக இருக்கும்போது ஃபேன் ஓடும் அறைக்கு மாற்றிவிடுங்கள், ஊறவைப்பதையும் குறையுங்கள். மூடிய கண்ணாடிக் குடுவைக்குள் வைத்துப் படம் எடுத்துப் போடுகிறார்களே, அது படத்துக்கு மட்டும்தான் அழகு.

என்ன தண்ணீர் என்பதும் முக்கியம். மழைத்தண்ணீருக்கு ஈடு கிடையாது. உப்பு அதிகமான போர் தண்ணீர் செதில்கள் மேல் வெள்ளையாகப் படிந்து அடைத்துவிடும். அப்புறம், ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியேறும் கழிவுநீரைச் செடிக்கு ஊற்றும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது, இதற்கு மட்டும் வேண்டவே வேண்டாம், வடிகட்டிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது.

செம்பு இந்தச் செடிக்கு விஷம். செம்புக் கம்பியில் கட்டாதீர்கள், தங்கூஸ் நரம்பு போதும். மாடித்தோட்டம் வைத்திருப்பவர்கள் பூஞ்சைக்குச் செம்பு கலந்த போர்டோ கலவையோ காப்பர் ஆக்சிகுளோரைடோ அடிக்கும்போது ஏர் பிளான்ட்டை முதலில் உள்ளே எடுத்து வைத்துவிட்டு அடியுங்கள், ஏனென்றால் மற்ற செடிக்கு மருந்தாக இருப்பது இதைக் கொன்றுவிடும்.

வெளிச்சம் பெரிய தலைவலி இல்லை. கிழக்குப் பார்த்த ஜன்னல் ஓரம், காலை வெயில் கொஞ்சம். உச்சிவெயில் கூடாது.

ஸ்பானிஷ் மாஸ் கொத்து தடிமனாகிவிட்டால் நடுவில் காற்றும் வெளிச்சமும் போகாமல் பழுப்பாகும். ரெண்டு மூன்றாகப் பிரித்து மெல்லிசாகத் தொங்கவிடுங்கள். பழுப்பு இழை செத்ததா என்று சந்தேகமா? நகத்தால் தோலைச் சுரண்டுங்கள், உள்ளே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது, குதிரைமுடி மாதிரி கறுப்பு நரம்பு மட்டும் வந்தால் அதைக் கிள்ளி எறிந்துவிடலாம்.

(திரையில்: சிவந்த நுனிகளோடு அயனாந்தா, ஊதாப் பூ)

அயனாந்தா மாதிரியான வகைகள் பூக்கும் முன் சிவக்கும். ஒரு செடி ஒருமுறைதான் பூக்கும், பிறகு மெதுவாக ஓய்ந்துபோகும். அதற்குள் அடியில் குட்டிகள் விட்டிருக்கும். தாயில் மூன்றில் ஒரு பங்கு அளவு வளர்ந்த பிறகு குட்டியைத் திருகிப் பிரிக்கலாம். பிரிக்காமல் விட்டால் எல்லாம் சேர்ந்து ஒரு பந்தாகிவிடும், எனக்கு அதுதான் பிடிக்கும்.